பட்டப்பகல்ல ஓடின பம்ப்பு

என் சம்பந்தியம்மா ஒரு இடத்துல உக்காந்து நான் பார்த்தது ரொம்பக் கம்மி. தன் மகனுக்கு எங்க பொண்ணைக் கேட்டு முதல்முதலா எங்க வீட்டுக்கு வந்தாங்களே, அன்னைக்குக் கூட நாற்காலி நுனியிலதான் உக்காந்திருந்தாங்க. பேச்சு பாதியில இருக்கு, திடீர்னு எழுந்துட்டாங்க. பிடிக்கலை போலிருக்கேன்னு எனக்குத் திக்குனு ஆச்சு.

"உள்ள குழாய் சொட்டுது, உங்க யாருக்கும் கேட்கலையா?"ன்னாங்க.

நேரா சமையக்கட்டுக்குள்ள போய், பைக்குள்ள இருந்து ஒரு வாஷரை எடுத்து மாத்திட்டு வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே, "ம், நீங்க சொல்லுங்க அண்ணா"ன்னாங்க. சம்பந்தம் பேசப் போற வீட்டுக்குக் குழாய் வாஷர் கொண்டுட்டு வர்ற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன்.

அவங்களும் நானும் ஒரே கட்டடத்துலதான் வேலை. அஞ்சு மாடி ஆபீஸ். நான் தோட்டக்காரன். அவங்க கீழே, தரைக்கடியில, கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கிறாங்க. அதாவது அஞ்சு மாடியிலயும் கை கழுவுற தண்ணி, கக்கூஸ் தண்ணி எல்லாம் இறங்கி அங்க ஒரு தொட்டிக்கு வரும். அதுல காத்தடிச்சு, மண்டியைத் தனியாப் பிரிச்சு, மணல்லயும் கரியிலயும் வடிகட்டி, மருந்து போட்டு, அந்தத் தண்ணியை என் தோட்டத்துக்கு அனுப்புவாங்க. குடிக்கக் கூடாது, செடிக்கு விடலாம். ஒரு சொட்டு நல்ல தண்ணி கூட தோட்டத்துக்குப் போகாதுன்னு காட்டித்தான் எங்க கட்டடம் பசுமைக் கட்டடம்னு சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கு. வாசல்ல கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. அதுல இலை படம் இருக்கும். அதைப் பார்த்து எல்லாரும் என்னைப் பாராட்டுவாங்க. கீழே இருக்கிறவங்களை யாருக்கும் தெரியாது.

அவங்க முதல்ல நாலாவது மாடியில கக்கூஸ் கழுவுற வேலைக்குத்தான் வந்தாங்க. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வருஷம் அது, பையன் பள்ளிக்கூடத்துல இருந்தான். எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கிட்டவன் நாத்தம் தாங்கலைன்னு ஒருநாள் சாவியைப் போட்டுட்டுப் போயிட்டான். "மேல இருந்து அனுப்புறதே நான்தானே, கீழே என்ன ஆகுதுன்னு நானே பார்க்கிறேன்"னு இவங்க சாவியை எடுத்துக்கிட்டாங்க. அது ஆச்சு பதினொரு வருஷம்.

தினம் காலையில அந்தத் தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு மோந்து பார்ப்பாங்க. அதனால எல்லாரும் அவங்களை மூக்கு மேடம்னு கூப்பிடுவாங்க. மோந்து பார்த்துட்டு மேல போன் போடுவாங்க. "அஞ்சாவது மாடியில யாருப்பா பினாயிலைக் குடம் குடமா ஊத்தினது? என் பூச்சிங்க சாகுது."

பூச்சின்னா, தொட்டியில அழுக்கைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்ற பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இவங்க பேசுறதைக் கேட்டா நாலு பிள்ளையைப் பெத்து வளர்க்கிற மாதிரி இருக்கும். மூணு நாள் சேர்ந்தாப்ல ஆபீஸ் லீவு விட்டா, கட்டடத்துல ஆளே இருக்காது, தொட்டிக்கு ஒண்ணும் வராது. பூச்சி பட்டினி கிடக்கும்னு லீவு நாள்ல வந்து சர்க்கரையைக் கரைச்சு ஊத்திட்டுப் போவாங்க.

எனக்கும் அவங்களுக்கும் சண்டை வராத நாளே இல்லை.

"உங்க தண்ணியில உப்பு ஜாஸ்தி. என் ரோஜா இலை ஓரமெல்லாம் கருகுது."

"உங்க ரோஜா என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா? குடுக்கிறதைக் குடிக்கச் சொல்லுங்க."

"குடிச்சுட்டுத்தானே கருகுது!"

"அப்போ வேர்ல விடுங்க, இலை மேல தெளிக்காதீங்க. செடியையும் குளிப்பாட்டிப் பவுடர் போடணுமா உங்களுக்கு?"

இப்படியே பேசிப் பேசித்தான் பழக்கம். பழக்கம் சம்பந்தமா ஆச்சு.

இந்த வருஷம் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்கணும். மேனேஜர் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. "தோட்டத் தண்ணிக்கு உண்டான மார்க் முழுசா வந்தா உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடுவாங்க. வரலைன்னா எஸ்.டி.பி.யை ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடுவாங்க. கம்பெனிக்காரங்க அவங்க ஆளைத்தான் போடுவாங்க, என்கிட்ட வந்து கண்ணைக் கசக்காதீங்க." அவ்வளவுதான், ரெண்டுல ஒண்ணு. அன்னையிலிருந்து அவங்களுக்கு இருப்புக் கொள்ளலை. கால்ல சக்கரம் கட்டின மாதிரி கீழேயும் மேலேயும் போய் வந்துக்கிட்டே இருந்தாங்க.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கிறப்ப குழாய்க்குப் பெயிண்ட் அடிச்சாங்க. தோட்டத் தண்ணிக் குழாய் ஊதா, குடிதண்ணிக் குழாய் நீலம்னு கணக்கு. முன்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சு விழுந்து ரெண்டும் ஒரே சாம்பல் கலரா இருந்துச்சு. கீழ்த்தளத்துக் கூரையில ரெண்டு குழாயும் ஒட்டி ஒட்டிப் போகும். மூணாவது தூண்கிட்ட ஒரு உத்திரம் குறுக்க வரும். அந்த இடத்துல, எந்தப் புண்ணியவான் போட்டானோ, ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறி இடம் மாறிக்கும். இடது பக்கம் வந்தது வலது பக்கம் போயிடும், வலது பக்கம் வந்தது இடது பக்கம். உத்திரத்துக்குப் பின்னாடி நடக்கிறதால கீழே இருந்து பார்த்தா தெரியாது. இது மொத்தக் கட்டடத்துலயும் சம்பந்தியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில பெயிண்டர் வந்தாரு. இவங்க பம்ப்பு பக்கத்துல நின்னு, சாக்பீஸால தோட்டக் குழாய் மேல ஒரு குறி போட்டாங்க. "இது ஊதா. நான் கூடவே நடந்து வரேன், இருங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கல, போன் வந்துருச்சு. என் பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு, ஆபரேஷன் பண்ணணும்கிறாங்கன்னு மாப்பிள்ளை பதறுறாரு.

அவங்க கீழே இருந்து ஓடி வந்தாங்க, நான் மேல இருந்து ஓடினேன். கேட்டுகிட்ட ரெண்டு பேரும் முட்டிக்காத குறை. என் கையில மண்ணு, அவங்க கையில சாக்பீஸ். அப்படியே ஆட்டோவுல ஏறினோம்.

பதினொண்ணே கால் மணிக்கு என் பேத்தி பொறந்தா. ரெண்டே முக்கால் கிலோ. மூக்கு மட்டும் அப்படியே என் மாதிரி. இல்லைன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க, பொறாமையில சொல்றாங்க. கண்ணைத் திறந்து என்னைத்தான் முதல்ல பார்த்தா. அந்த வயசுல கண்ணு தெரியாதாம், நர்ஸ் சொல்லுது. அதுக்கு என்ன தெரியும்? மூணாம் நாள் கொட்டாவி விட்டா பாருங்க, அவ்வளவு சின்ன வாய்ல அவ்வளவு பெரிய கொட்டாவி! நான் வாட்ச்மேனுக்குப் போன் பண்ணியே சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். நாங்க ஆஸ்பத்திரியில இருந்த நேரத்துல பெயிண்டர் தன் வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாரு. குறி போட்ட குழாய் வலது பக்கம் இருந்துச்சு. அவரு வலது பக்கக் குழாய் முழுசையும் ஊதா அடிச்சாரு, இடது பக்கத்தை நீலம் அடிச்சாரு, நேரா, கடைசி வரைக்கும். மூணாவது தூணுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ். மறுநாள் சம்பந்தியம்மா வந்து பார்த்தாங்க. பம்ப்புகிட்ட சரியாத்தான் இருந்துச்சு. தலையை ஆட்டிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாங்க. தூணுக்கு அந்தப் பக்கம் காரெல்லாம் நிக்கிற இருட்டு. அங்க நின்னு அண்ணாந்து பார்க்க யாருக்கும் வேலை இல்லை.

வியாழக்கிழமை பிளம்பர் வந்தாரு. என் தோட்டத்துக் கொட்டகைகிட்ட வெளிவேலை ஆளுங்களுக்குக் குடிக்கத் தண்ணி வைக்கணும்னு மேனேஜர் உத்தரவு. அதுக்கும் ஏதோ மார்க் உண்டாம். பிளம்பர் பார்த்தாரு, தூணுக்கு அந்தப் பக்கம் நீலக் குழாய்ல கிளை எடுத்தாரு, பளபளன்னு ஒரு குழாய் வச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு மேல என்ன தப்பு சொல்ல முடியும்? வெயில்ல வேலை செய்யற எங்களுக்கு ஒரே குஷி. நான்தான் முதல்ல குடிச்சேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து சம்பந்தியம்மா முகமே சரியில்லை.

"அண்ணா, நேத்து மத்தியானம் தோட்டத்துக்குத் தண்ணி திறந்தீங்களா?"

"நான் எதுக்கு மத்தியானம் திறக்கிறேன்? விடியக்காலை விட்டதோட சரி."

"பம்ப்பு பகல்ல ரெண்டு தடவை ஓடுச்சு. ஓடி உடனே நின்னுச்சு. யாரோ குழாயைத் திறந்து மூடினாப்ல."

அந்தப் பம்ப்பு அப்படித்தான். எங்கேயாவது குழாயைத் திறந்தா தானா ஓடும், மூடினா நிக்கும். தோட்டத்துக் குழாய்க்கெல்லாம் கைப்பிடியைக் கழட்டி என் பையிலதான் வச்சிருப்பேன், தெரியாம எவனும் குடிச்சுடக் கூடாதுன்னு. அப்போ திறந்தது யாரு?

"எலியா இருக்கும்"ன்னேன்.

"எலி குழாயைத் திறந்து தண்ணி குடிச்சுட்டு மூடி வேற வைக்குமா? உங்க பேத்தியைப் பார்த்ததிலிருந்து உங்களுக்குப் புத்தியே வேலை செய்யல."

சனிக்கிழமை பகல் மீட்டர் நாப்பது லிட்டர் நகர்ந்துச்சாம். மேனேஜர்கிட்ட சொன்னாங்க. "மீட்டருக்கு வயசாச்சும்மா, உங்களை மாதிரியே"ன்னு சிரிச்சுட்டு அனுப்பிட்டாரு. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு நகரவே இல்லை. அதுதான் அவங்களை இன்னும் அரிச்சுது. "ஆள் இருந்தா ஓடுது, ஆள் இல்லைன்னா ஓடல. அப்போ இது மீட்டர் கோளாறு இல்லை அண்ணா, மனுஷக் கோளாறு." ஆஸ்பத்திரியில குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு அறைக்கும் வராந்தாவுக்குமா நடந்துக்கிட்டே இதைத்தான் சொன்னாங்க. என் பொண்ணு, "அத்தை, ஒரு நிமிஷம் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது"ன்னு சொல்லுச்சு.

திங்கக்கிழமை மத்தியானம். மறுநாள் பத்து மணிக்குச் சோதனை. என் கொட்டகையில சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன், அவங்க நின்னுக்கிட்டுச் சாப்பிட்டாங்க. காலையிலிருந்து அறுபது லிட்டர் போயிருக்குன்னு பொலம்பினாங்க. நான் போன்ல பேத்தி படத்தைக் காட்டினேன். பார்க்கக் கூட இல்லை.

நான் பாட்டிலைத் திறந்து ரெண்டு மடக்கு குடிச்சுட்டு, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தப் புதுக்குழாய்த் தண்ணி லேசா உப்புக் கரிக்குது."

அவங்க கையில இருந்த கவளம் அப்படியே நின்னுடுச்சு.

பாட்டிலை வாங்கினாங்க. மோந்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு மறுபடி மோந்தாங்க.

"அண்ணா, இது என் தண்ணி."

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் உங்க ரோஜாவுக்கு அனுப்புற தண்ணி இது. எத்தனை நாளா குடிக்கிறீங்க?"

"வியாழக்கிழமையிலிருந்து."

"வேற யாரு?"

வாட்ச்மேன், கூட வேலை செய்யற ரெண்டு பேரு, கார் கழுவுறவரு. என்னோட சேர்த்து அஞ்சு பேரு. விரல் விட்டுச் சொல்லிக்கிட்டே வந்தவன் பாதியில நின்னுட்டேன். காலையில ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பாட்டில் பிடிச்சுக்கிட்டுப் போயிருந்தேன். என் பொண்ணு படுத்திருக்கிற அறைக்கு.

சொல்லி முடிக்கலை, அவங்க போனை எடுத்துட்டாங்க. அவசரத்துல ரெண்டு தடவை தப்பான நம்பர். மூணாவது தடவை மாப்பிள்ளை எடுத்தாரு.

"டேய், மாமா காலையில குடுத்த தண்ணியை யாரு குடிச்சா?"

"யாரும் குடிக்கலம்மா. வெளித் தண்ணி கூடாதுன்னு நர்ஸ் திட்டிட்டாங்க. நான்தான் முகம் கழுவினேன்."

"குழந்தைக்கு?"

"குழந்தைக்கு எதுக்கும்மா தண்ணி?"

"மீதியைக் கொட்டு. பாட்டிலைத் தூக்கி எறி. உன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவு."

"இப்பத்தானேம்மா கழுவினேன்?"

"கழுவுன்னா கழுவுடா!"

போனை வச்சுட்டு அவங்க என்னைப் பார்த்தாங்க. நான் அவங்களைப் பார்த்தேன்.

கீழே ஓடினாங்க. போய்த் தோட்டப் பம்ப்பை நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணி, "புதுக்குழாயைத் திறந்து வையுங்க"ன்னாங்க. திறந்தேன். நல்லா வந்துச்சு, அப்புறம் நூலா வந்துச்சு, ரெண்டு தடவை துப்பிச்சு, நின்னுருச்சு. குடிதண்ணியா இருந்தா தோட்டப் பம்ப்பை நிறுத்தினதுக்கு அது ஏன் நிக்கணும்? இனி சந்தேகமே இல்லை.

நான் கீழே போனப்ப அவங்க டார்ச்சை அடிச்சுக்கிட்டு, கூரையைப் பார்த்தபடியே காருங்களுக்கு நடுவுல நடந்து போயிட்டு இருந்தாங்க. மூணாவது தூண்கிட்ட நின்னாங்க. உத்திரத்துக்குப் பின்னாடி வெளிச்சம் அடிச்சாங்க. அப்புறம் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

"கூட நடந்திருக்கணும்"ன்னாங்க. "அம்பதடி. அவ்வளவுதான் அண்ணா. அம்பதடி கூட நடந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

அதிக நேரம் உக்காரல. எழுந்து புதுக்குழாயோட பிடியைக் கழட்டினாங்க. குடிச்ச அஞ்சு பேரையும் வரிசையா நிக்க வச்சு டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. நான் மட்டும் முரண்டு பிடிச்சேன்.

"எனக்கு ஒண்ணுமில்லை. ரெண்டு நாளா வயிறு லேசா கலக்கமா இருக்கு, பேத்தி பொறந்த சந்தோஷம்."

"சந்தோஷம் வயித்தால போகுமா அண்ணா? கிளம்புங்க!"

டாக்டர் மாத்திரை குடுத்தாரு. மத்த நாலு பேருக்கும் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. தண்ணியில மருந்து சரியா போட்டிருந்ததாலதான் தப்பிச்சீங்கன்னு சொன்னாரு. அதை வந்து சம்பந்தியம்மாகிட்ட சொன்னேன். சிரிக்கல.

நாலு மணிக்கு மேனேஜர்கிட்ட போனோம். அவரு தலையில கையை வச்சுக்கிட்டாரு. எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து மெதுவாப் பேசினாரு.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை இல்ல? அந்தக் குழாயை எடுத்துட்டு அடைச்சுடுங்க. கலரு எல்லாம் பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. நாளைக்கு வர்றவங்களுக்கு எது எதுன்னு தெரியப் போறதில்லை. கையெழுத்து வாங்கின மறுநாளே திரும்ப அடிச்சுக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். குறி போட்டது நீங்க."

சம்பந்தியம்மா, "சரி சார்"ன்னாங்க.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பொய் சொல்லல, நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு. அவங்க வேலை நின்னா என் பொண்ணு வீட்டுல ஒரு சம்பளம் நிக்கும். ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் வேலைக்கு வந்தா கீழே ஏணி மேல அவங்க. தோள்ல ஒரு மூட்டைத் துணி. வீட்டு ஜன்னல்ல தொங்கின ஊதாத் திரையை நாலு விரல் அகலத்துக்குக் கிழிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. தூணுக்கு அந்தப் பக்கம் நீலம் அடிச்ச குழாய் மேல அஞ்சடிக்கு ஒரு முடிச்சா கட்டிக்கிட்டே போறாங்க.

"சரின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா முதுகு பாயில ஒட்டல. இதைப் பார்த்துட்டு இன்னொருத்தன் வந்து கிளை எடுத்தா? அடுத்த வருஷம் எடுத்தா? அப்போ அஞ்சு பேரா, அம்பது பேரா? ஏணியைப் பிடிங்க, ஆடுது."

பிடிச்சேன். வேற என்ன பண்றது?

ஒன்பதரைக்கு மேனேஜர் இறங்கி வந்தாரு. அம்பதடி தூரத்துக்கு ஊதா முடிச்சு தொங்குது.

"என்னம்மா இது, கட்டடத்துக்குப் பொறந்த நாளா? அவிழுங்க, சீக்கிரம் அவிழுங்க!"

"அவிழ்க்கலை சார்."

அவரு ஏணியைப் பிடுங்கப் போறாரு, நான் விடல. அதுக்குள்ள லிப்ட் கதவு திறந்துச்சு. சோதனை போட வந்த பொண்ணு. முப்பது வயசு இருக்கும், கையில நோட்டும் டார்ச்சும். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாடியே வந்துட்டாங்க. அண்ணாந்து பார்த்தாங்க.

"இது என்ன?"

"டெக்கரேஷன் மேடம்"னாரு மேனேஜர்.

"டெக்கரேஷன் இல்லை, தப்பு"ன்னாங்க சம்பந்தியம்மா. ஏணியிலிருந்து இறங்கவே இல்லை, அங்க இருந்தே சொன்னாங்க. "இங்க நீலம் அடிச்சிருக்கிறதுதான் தோட்டத் தண்ணி. ஊதா அடிச்சிருக்கிறது குடிதண்ணி. குறி போட்டது நான், கூட நடக்காம போனதும் நான். அஞ்சு பேரு நாலு நாள் குடிச்சுட்டாங்க. டாக்டர் சீட்டு என்கிட்ட இருக்கு."

அந்தப் பொண்ணு டார்ச்சை அடிச்சுக் குறுக்க ஏறிப் போற இடத்தைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் எழுதினாங்க.

தோட்டத் தண்ணிக்கு மார்க் இப்போ இல்லை. மூணு வாரத்துல ரெண்டு குழாயையும் சரியா அடிச்சு, அம்புக்குறி போட்டு, பலகை வச்சு, ரெண்டு தண்ணியும் எங்கேயும் கலக்கலைன்னு அவங்க கண் முன்னாடி நிறுத்திக் காட்டணும். அதுல தேறினா மார்க், இல்லைன்னா இல்லவே இல்லை.

சாயங்காலம் மேனேஜர் சம்பந்தியம்மாகிட்ட சாவியை வாங்கிக்கிட்டாரு. "சொல்லி அனுப்புறேன், அதுவரைக்கும் வர வேண்டாம்."

என் பொண்ணு குழந்தையோட வீட்டுக்கு வந்த வாரம் அது. வீட்டுக்குள்ள சம்பந்தியம்மாவை வச்சுக்கிட்டு எல்லாரும் பட்ட பாடு! சொட்டாத குழாய்க்கெல்லாம் வாஷர் மாத்தினாங்க. கொதிச்ச தண்ணியை மறுபடி கொதிக்க வச்சாங்க. மணிக்கு ஒரு தடவை எனக்குப் போன். "காத்து பம்ப்பு ஓடுதா? சத்தம் கேட்குதா? காதை வச்சுப் பாருங்க."

மேனேஜர் சொன்ன அந்தக் கம்பெனி தற்காலிகமா ஒருத்தரை அனுப்பியிருந்துச்சு. நல்ல மனுஷன்தான், நாள் முழுக்கப் போன் பார்ப்பாரு. பத்தாவது நாள் தொட்டியில நுரை கெளம்பி வழிஞ்சுது. நான் அவங்ககிட்ட மூச்சு விடல. எதுக்கு வேதனையைக் கூட்டணும்? வேலை முடிஞ்சு பேத்தியைத் தூக்கலாம்னு நேரா அவங்க வீட்டுக்குப் போனேன். பேத்தி என்னைப் பார்த்துச் சிரிச்சா. தூக்கத்துல சிரிக்கிறதாம், சொல்லுவாங்க. கையை நீட்டினேன், சம்பந்தியம்மா குறுக்க வந்து நின்னாங்க.

"சட்டையை மாத்திட்டு வந்து தூக்குங்க. தொட்டியில காத்து நின்னுருச்சா?"

"உங்களுக்கு எப்படி..."

"உங்க மேல அடிக்குதே! எத்தனை நாளா?"

அன்னைக்குச் சாயங்காலமே வாசல் வரைக்கும் போய் நின்னாங்களாம். வாட்ச்மேன் உள்ள விடல, மேல இருந்து உத்தரவு இல்லைன்னுட்டாரு. கேட்டுக்கு வெளியே நடந்தாங்களாம், அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும், இருட்டுற வரைக்கும்.

கடைசியில மேனேஜரே கூப்பிட்டாரு. அவங்க மேல பாசம் வந்து கூப்பிடல. சோதனைக்கு ஆறு நாள்தான் இருந்துச்சு, எந்த வால்வைத் திருகினா எது நிக்கும்னு ஒருத்தருக்கும் தெரியல. புது ஆளு ஒண்ணைத் திருகி ரெண்டாவது மாடியையே நனைச்சுட்டாரு. பதினொரு வருஷத்து வால்வும் இவங்க மண்டைக்குள்ளதான் இருக்கு.

"ஒரு நாள் வந்து காட்டிட்டுப் போங்கம்மா"ன்னாரு.

"ஆறு நாளும் வேணும் சார். பூச்சியை மறுபடி வளர்க்கணும். அப்புறம், பெயிண்டர்கூட நான் நடப்பேன், முழு தூரமும்."

நடந்தாங்க. பெயிண்டர் ஏணியில இருந்து, "அக்கா, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்களேன்"னு கெஞ்சினாரு. இவங்க ஒரு அடி கூட நகரல. தொட்டியில நுரை நாலாவது நாள் அடங்குச்சு.

சோதனை அன்னைக்கு அந்தப் பொண்ணு, மேனேஜர், கம்பெனி ஆளு, நான், இன்னும் ரெண்டு பேரு கட்டடத்துக்குப் பின்னாடி குடிதண்ணிக் குழாய்கிட்ட நின்னோம். சம்பந்தியம்மா கீழே குடிதண்ணி வால்வை மூடிட்டு வந்து எங்களோட நின்னாங்க. தோட்டப் பம்ப்பு மட்டும் ஓடுது. குடிதண்ணிக் குழாய் எல்லாத்தையும் திறந்து விட்டாச்சு. இருக்கிற தண்ணி வடிஞ்சு நின்ன பிறகும் எதுலயாவது வந்தா, அது தோட்டத் தண்ணி. அப்போ எல்லாம் முடிஞ்சுது.

வடிஞ்சுது. நின்னுச்சு. கால் மணி நேரம் ஆச்சு. ஒரு சொட்டு இல்லை. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே பேனா மூடியைத் திறந்தாங்க. மேனேஜர் முகத்துல மூணு வாரம் கழிச்சு ரத்தம் ஓடுது.

"மேடம், இன்னும் ஒரு கால் மணி பார்த்துடலாம்"ன்னாங்க சம்பந்தியம்மா.

மேனேஜர் பல்லைக் கடிச்சாரு. "அம்மா, அவங்களே போதும்கிறாங்க."

"மேல் மாடிக் கிளையில எங்கேயாவது கலந்திருந்தா இறங்கி வர நேரமாகும் சார். பார்த்துடலாம்."

நான் அவங்க காதுகிட்ட போய், "கையெழுத்து போடப் போற நேரத்துல எதுக்கு வம்பு?"ன்னேன். என் பக்கம் திரும்பக் கூட இல்லை. அந்தப் பொண்ணு பேனாவை மூடிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டு, சுவத்துல சாஞ்சு நின்னாங்க. மாடியில இருந்து தண்ணி வரலைன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கத்துறாங்க. ஏழு பேரும் ஒரு காய்ஞ்ச குழாய் வாயையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். என் ஆயுசுல அவ்வளவு நீளமான கால் மணி நேரம் பார்த்ததில்லை. பேத்தி பொறந்த அன்னைக்குக் கூட இல்லை.

ஒண்ணும் வரலை.

அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டாங்க. மேனேஜர் பெருமூச்சு விட்டுட்டு, "இந்த வருஷத்துக்கு எழுதிக் குடுக்கிறேன். நிரந்தரம் பத்தி வர்ற வருஷம் பேசுவோம். நாளையிலிருந்து வழக்கம் போல வந்துடச் சொல்லு"ன்னு என்கிட்ட சொன்னாரு. என்கிட்ட ஏன் சொன்னாருன்னா, சொல்ல வேண்டிய ஆளு அங்க இல்லை.

கீழே ஓடினேன். அவங்க பெரிய வால்வை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். கேட்ட மாதிரியே தெரியல.

"வேலை இருக்குதுன்னு சொல்றேன்மா!"

"கேட்டுச்சு அண்ணா. இதை மெதுவாத் திறக்கணும். பட்டுன்னு திறந்தா குழாய் உதறும், ஜாயின்ட் விட்டுரும். மேல போய்க் கத்துறவங்களை ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

சொல்லிக்கிட்டே வால்வைக் கால் சுத்து சுத்தினாங்க. நின்னு காது குடுத்தாங்க. இன்னொரு கால் சுத்து.